மூன்றாவது விளக்கு

1

காரைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவதற்கு ரோலன் பார்த் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்துப் பல காலமாகிவிட்டது. 1957ல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் டி.எஸ். பற்றி அவர் எழுதியுள்ள சில பக்கங்களைப் படிக்காதவர்கள் நம் வட்டத்தில் குறைவு. 1955ல் பாரிஸ் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட அந்தக் காரை அவர் கோதிக் தேவாலயங்களோடு சேர்த்து யோசித்தார். அந்தக் கட்டுரையில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அதைப் படித்துவிட்டுப் பண்டங்களின் அழகியல் பற்றிப் பேச வருகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. டி.எஸ். ஒரு தனியன். முன்னோரும் அண்டை வீட்டாரும் இல்லாமல் வந்து இறங்கிய வஸ்துவாக அது காட்சி தந்தது. தனியனை வியப்பது சுலபம். மகாகவியை வியக்க விமர்சகன் வேண்டியதில்லை, பக்தன் போதும்.

விமர்சனத்துக்குச் சிரமம் தருவது வரிசையில் நிற்கும் வஸ்து. தனக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் இருப்பதாலேயே அர்த்தம் பெறுவது. போன வருஷம் இருந்ததைப் போலவும் இருக்க வேண்டும், போன வருஷத்தது அல்ல என்றும் தெரிய வேண்டும் என்ற இரட்டைக் கட்டளைக்கு உட்பட்டது. அமெரிக்கக் கம்பெனிகள் ஏறத்தாழ நூறு வருஷம் செய்துவந்த பெரிய குடும்ப செடான் இப்படிப்பட்ட வஸ்து. நான்கு கதவு, ஐந்தாறு பேருக்கு இடம், பின்னால் மூட்டை முடிச்சுக்குப் பெட்டி. பணக்காரனின் விசித்திரத்துக்கும் ஏழையின் அவசியத்துக்கும் நடுவில் நிற்கும் குடும்பஸ்தன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறான் என்பதைத் தகரத்தில் அடித்துக் காட்டிய உருவம் அது. இப்போது அந்த உருவம் அந்த நாட்டில் அநேகமாக முடிந்துவிட்டது. போர்டின் டாரஸ் 2019 மார்ச்சிலும், செவர்லேயின் இம்பாலா 2020 பிப்ரவரியிலும் நின்றன. முடிந்துபோன உருவத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. முழு வாக்கியத்தையும் படித்துவிட்டுப் பேசலாம்.

2

இந்த வரிசையை ஒரு கொள்கையாக நிறுவியவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ப்ரட் ஸ்லோன். 1923ல் அவர் தலைமைக்கு வந்தபோது ஹென்றி போர்டு 'மாடல் டி' என்ற ஒரே காரை வைத்துச் சந்தையை ஆண்டுகொண்டிருந்தார். 1908லிருந்து 1927வரை ஒன்றரைக் கோடிக் கார்கள். ஏறத்தாழ ஒரே உருவம். ஸ்லோன் அதற்கு எதிராக ஓர் ஏணியை வைத்தார். அடிப்படியில் செவர்லே, பிறகு 1926ல் வந்து சேர்ந்த பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், ப்யூக், உச்சியில் காடிலாக். ஒவ்வொரு பணப்பைக்கும் ஒரு படி. ஒரு மனிதன் தன் ஆயுளில் கீழிருந்து மேலே ஏறிப் போகலாம், ஏணியை விட்டு இறங்காமலே.

1960களில் வெளிவந்த தம் நினைவு நூலில் ஸ்லோன் 1920களின் கார்ச் சந்தையை மாற்றிய நான்கு காரணங்களைச் சொல்கிறார்: தவணை விற்பனை, பழைய காரை விலைக்கு எடுத்துக்கொள்வது, மூடிய உடல், வருடாந்தர மாடல். கார் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில் கண் வைப்பார்கள். நான் வங்கிக் குமாஸ்தா. வாகனக் கடன் மேஜையில் கொஞ்ச காலம் உட்கார்ந்தவன். என் கண் முதல் இரண்டில் போய் நிற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கடன் கம்பெனியை 1919லேயே தொடங்கிவிட்டது. போர்டோ கடன் என்பதை ஒழுக்கக் கேடாகக் கருதியவர். 1923ல் அவர் கொண்டுவந்த திட்டம் வாரா வாரம் பணம் கட்டிச் சேர்த்து, முழுத் தொகையும் சேர்ந்த பிறகு காரை எடுத்துப் போகும் திட்டம். முதலில் சேமிப்பு, பிறகு வஸ்து. ஜெனரல் மோட்டார்ஸில் முதலில் வஸ்து, பிறகு கட்டணம். இரண்டு திட்டங்களுக்குள்ளும் இரண்டு காலப் பிரக்ஞைகள் இருக்கின்றன. சேமிக்கிறவனுக்குக் கார் வருங்காலத்தில் இருக்கிறது, மாறாமல் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கியவனுக்குக் கார் இப்போதே கையில் இருக்கிறது. அது பழசாகிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. கார் இல்லாதவன் வாங்கும் முதல் கார் அவசியத்தின் பாற்பட்டது. ஆனால் 1920களின் மத்தியில் முதல் காரை வாங்கத் தக்கவர்களில் பலர் வாங்கிவிட்டார்கள். இனி ஒருவன் புதிய காரை வாங்க வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும் காரைக் கொடுத்துவிட்டு வாங்க வேண்டும். ஓடுகிற ஒன்றை ஏன் கொடுக்க வேண்டும்? எஞ்சின் இதற்குப் பதில் சொல்லாது. உருவம்தான் சொல்ல வேண்டும். 1927ல் ஹார்லி ஏர்ல் உருவமைத்த லாஸால் கார் வந்ததும், அதே வருஷம் ஸ்லோன் அவர் கையில் 'கலை–வண்ணப் பிரிவு' ஒன்றை ஒப்படைத்ததும் இந்தப் பதிலுக்காகத்தான்.

எங்கள் கடன் விண்ணப்பத்தில் காரின் அழகுக்கென்று ஒரு கட்டமும் கிடையாது. தயாரிப்பு வருஷத்துக்கு உண்டு. அந்தக் கட்டம்தான் அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. ஏர்லின் சாதனை இந்த இரண்டையும் ஒன்றாக்கியது என்பது என் கட்சி. தெருவில் நின்று பார்க்கிறவன் விண்ணப்பத்தைப் படிக்காமலே, கிரில்லையும் விளக்கையும் பார்த்து வருஷத்தைப் படித்துவிடும்படி செய்தார். அழகு தேதியாக மாறியது. 1950களின் மத்தியில் வந்த ஓர் உருவத்தை 2014வரை, கிரில்லையும் விளக்கையும் மட்டும் தொட்டுக்கொண்டு, அம்பாஸடர் என்ற பெயரில் ஓட்டிய நாட்டில் இருக்கும் நமக்கு இந்த மொழி கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். வருஷத்தைக் காட்டாத முகம் நமக்குப் பழக்கம். அங்கே வருஷத்தைக் காட்டாத முகம் முகமே அல்ல.

3

இனி இந்த மொழியின் இலக்கணம்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஏணிப் படிகள் உள்ளே அவ்வளவு வேறுபட்டவை அல்ல. செவர்லேயும் பாண்டியாக்கும் ஒரே உடற்கூட்டைப் பகிர்ந்துகொண்ட வருஷங்கள் பல. கூடு ஒன்றாக இருக்கையில் வேறுபாட்டைத் தோல் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னார்கள்? எண்ணிக்கையில். 1949 ப்யூக்கின் முன்பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் வைத்தார்கள். உயர்ந்த ரோட்மாஸ்டருக்குப் பக்கத்துக்கு நான்கு, அதற்குக் கீழே இருந்த சூப்பருக்கு மூன்று. 1958ல் செவர்லேயின் பின்பக்கம்: புதிதாக வந்த இம்பாலாவுக்குப் பக்கத்துக்கு மூன்று விளக்கு, கீழே இருந்த பெல் ஏருக்கும் பிஸ்கெய்னுக்கும் இரண்டிரண்டு. வெளிச்சத்துக்கு அந்த மூன்றாவது விளக்கு தேவையில்லை. பின்னால் வருகிறவன் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் அது இருக்கிறது.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று வந்தால் சிந்தடி, நான்கு வந்தால் அளவடி. எண்ணிக்கையே வகையைத் தீர்மானிக்கிறது. வகை தெரிந்தவுடன் கேட்கிறவன் எதிர்பார்ப்பு அமைந்துவிடுகிறது. ஒரு சீர் கூடுவதால் பொருள் கூடுவதில்லை, இடம் மாறுகிறது. இம்பாலாவின் மூன்றாவது விளக்கு ஒரு சீர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஓர் உருவ ஒழுங்கு எத்தனை சிக்கனமாகச் செயல்பட முடியும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இலக்கணத்தின் அடுத்த விதி: அடையாளங்கள் மேலிருந்து கீழே இறங்கும். 1948 காடிலாக்கின் பின்பக்கத்தில் சிறிய துடுப்பு முளைத்தது. பி-38 என்ற யுத்த விமானத்தின் வாலைப் பார்த்து ஏர்லின் ஆட்கள் எடுத்தது அது. 1957ல் அடிப்படியிலுள்ள செவர்லேக்கும் துடுப்பு வந்துவிட்டது. 1959 இம்பாலாவில் அது கிடைமட்டமாக விரிந்து, வௌவால் இறக்கைபோல் முழு அகலத்துக்கும் படுத்துவிட்டது. கீழே இறங்கிய அடையாளத்தை மேலே இருப்பவன் கைவிட வேண்டும், புதிதாக ஒன்று தேட வேண்டும். வருடாந்தர மாற்றம் என்ற யந்திரத்தை ஓட்டியது இந்த இறக்கம்தான். அது ஓடுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. படிகளுக்கிடையே தூரம் இருக்க வேண்டும். அடையாளம் இறங்கிவரப் பத்து வருஷமாவது ஆக வேண்டும்.

1965ல் இந்தத் தூரம் உடைந்தது. சாதாரணக் கார் விற்கும் போர்டு எல்.டி.டி. என்றொரு செடானைக் கொண்டுவந்து, அது ரோல்ஸ் ராய்ஸைவிடச் சத்தம் குறைந்தது என்று விளம்பரம் செய்தது. செவர்லே உடனே இம்பாலாவின் மேல் 'காப்ரீஸ்' என்ற அலங்காரத்தைப் போர்த்தி, மறு வருஷம் அதைத் தனி வரிசையாக்கியது. இப்போது செவர்லேக்குள்ளேயே பிஸ்கெய்ன், பெல் ஏர், இம்பாலா, காப்ரீஸ் என்று ஒரு முழு ஏணி. அடிப்படிக்குள் ஓர் ஏணி வந்துவிட்டால் மேற்படிகளுக்கு என்ன வேலை? அந்த வருஷம்தான் இம்பாலா பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. விற்பனை உச்சத்தைத் தொட்ட அதே வருஷத்தில் இலக்கணம் அழியத் தொடங்கியது என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டாது.

அழிவு கண்ணுக்குத் தெரிந்தது 1983ல். 'பார்ச்சூன்' பத்திரிகை அந்த ஆகஸ்டு இதழின் அட்டையில் ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு கார்களை ஒரே நிறத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டது. செவர்லே செலிப்ரிட்டி, பாண்டியாக் 6000, ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ் சியரா, ப்யூக் செஞ்சுரி. நான்கும் ஒன்று. ஸ்லோனின் ஏணியின் நான்கு படிகளும் ஒரே உயரத்தில் தரையில் கிடந்தன. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கக்கூடியதை ஒரு புகைப்படக்காரர் செய்துவிட்டார். ஓல்ட்ஸ்மொபீல் 2004ல் மூடப்பட்டது, பாண்டியாக் 2010ல். இவ்வளவு காலம் அவை எப்படி நீடித்தன என்பதுதான் ஆச்சரியம். பொருள் செத்த பிறகும் சொல் வழக்கில் இருக்கும் போலும்.

4

மேல்தோல் மாற்றம் எல்லாமே ஒன்று என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். நான்கு உதாரணங்களை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, 1977ன் இம்பாலாவும் காப்ரீஸும். 1973 எண்ணெய் நெருக்கடிக்கும் 1975ல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டத்துக்கும் பிறகு வந்த கார்கள் அவை. முந்தைய வருஷத்தைவிடச் சுமார் 10 அங்குலம் குறுகி, பல நூறு பவுண்டு இளைத்து வந்தன. ஆனால் உள்ளே உட்காரும் இடம் குறையவில்லை. கொஞ்சம் உயர்ந்து, நிமிர்ந்து உட்கார முடிந்தது. கூரை தட்டையாக, ஜன்னல்கள் பெரிதாக, பக்கங்கள் மடிப்பு வைத்துத் தேய்த்த சட்டைபோல் நேராக. பெரிதாக இருப்பதே உயர்வு என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிவந்த உருவம், சிறிதாகியும் உயர்வாக இருக்கலாம் என்று சொல்லவேண்டி வந்தது. எலும்பு மாறியது; முகம் அந்த மாற்றத்தை மறைக்காமல் சொன்னது. நான் அறிந்தவரை அமெரிக்கச் செடானில் உருவமும் உள்ளடக்கமும் சேர்ந்து மாறிய அபூர்வத் தருணங்களில் இது ஒன்று. ஜனங்கள் வாங்கவும் வாங்கினார்கள்.

இரண்டாவது, அதே காப்ரீஸின் 1991 அவதாரம். உருண்டு திரண்டு, பின்சக்கரத்தைப் பாதி மூடிக்கொண்டு, காற்றில் வழுக்கும் வடிவத்தில் வந்தது. ஜனங்கள் அதைத் திமிங்கலம் என்றார்கள். 1993ல் பின்சக்கர வளைவை வெட்டித் திறந்துவிட்டார்கள். கேலிக்குக் காரணம் வெறும் பருமன் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே இருந்தது 1977ன் சட்டகம். 14 வருஷத்துப் பழைய எலும்பின் மேல் நாளைய தோல். நவீனத்தை உடுத்திக்கொண்ட பழசு எப்போதும் இப்படித்தான் அங்கங்கே பிதுங்கும். பார்க்கிறவனுக்குச் சட்டகம் தெரியாது, பிதுங்கல் தெரியும்.

மூன்றாவது, போர்டின் டாரஸ். 1980 முதல் 1982 வரை போர்டு 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டிருந்தது. அந்தப் பயத்தில்தான் லூ வெரால்டி தலைமையில் உருவமைப்பாளர், பொறியாளர், ஆலைக்காரர் எல்லோரையும் முதல் நாளிலிருந்தே ஒரே குழுவில் உட்கார வைத்தார்கள். ஜாக் டெல்னாக் உருவமைப்புக்குப் பொறுப்பு. 1985 கடைசியில் வந்த டாரஸுக்கு வழக்கமான கிரில் இல்லை. மூடிய முகத்தில் நீல நீள்வட்டம் மட்டும் மிதந்தது. கண்ணாடிகள் உடலோடு படிந்திருந்தன. முன்சக்கர இயக்கத்துக்கு மாறியிருந்தது. அதன் சகோதரியான மெர்குரி சேபிளுக்கு முகத்தின் குறுக்கே ஒரு விளக்குப் பட்டை கொடுத்து ஒரு படி உயர்த்தினார்கள். மூன்றாவது விளக்கின் மரபு அங்கேயும் விடவில்லை.

ஆனால் எனக்கு முக்கியம் 1992 டாரஸ். அந்த வருஷம் கதவுகளைத் தவிர வெளித் தகடுகள் அநேகமாக எல்லாவற்றையும் மாற்றினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. இவ்வளவு பணம் செலவழித்து ஒன்றும் மாற்றாததுபோல் இருப்பது ஸ்லோனின் ஏணியில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அந்த வருஷத்திலிருந்து 1996வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் டாரஸ்தான். ஓர் உருவம் தன் சரியான இடத்தைக் கண்டடைந்த பிறகு அதைத் திருத்தும்போது இருக்க வேண்டிய அடக்கம் அதில் இருந்தது. நல்ல கவிஞன் இரண்டாம் பதிப்புக்குக் கவிதையைத் திருத்துவதுபோல.

நான்காவது, 1996 டாரஸ். இங்கே அடக்கம் போய்விட்டது. டொயோட்டாவின் 1992 காம்ரியைத் தாண்ட வேண்டும் என்ற தீர்மானத்தோடு தொடங்கிய வேலை இது. அந்தக் குழுவோடு உடனிருந்து மேரி வால்டன் எழுதிய 'கார்' என்ற நூல் 1997ல் வந்தது; உருவம் எப்படிப் பல கைகளால் இழுபட்டு உண்டாகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அதைப் படிக்கலாம். வந்த காரில் எங்கு பார்த்தாலும் நீள்வட்டம். முன்விளக்கு நீள்வட்டம், பின்கண்ணாடி நீள்வட்டம், உள்ளே ரேடியோவையும் குளிர்காற்றையும் ஆளும் பலகைகூட நீள்வட்டம். போர்டின் சின்னம் நீள்வட்டம் என்பதால் கார் முழுவதும் தன் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று. 1986ல் நீள்வட்டம் ஒன்றுதான் இருந்தது, வெற்று முகத்தில் தனியாக. அங்கே அது ஒரு கண்டுபிடிப்பு. பத்து வருஷம் கழித்து அதுவே பாணியாகிவிட்டது. எழுத்தாளர்களுக்கு இது நேர்வதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் தொகுதியில் தேவையால் பிறந்த ஒரு வாக்கிய அமைப்பு மூன்றாம் தொகுதியில் முத்திரையாகித் தன்னைத் தானே நகல் எடுக்கத் தொடங்கும். 1996ல் வாடகைக் கார்க் கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்ற பலத்தில் டாரஸ் முதலிடத்தில் நின்றது. 1997ல் காம்ரி அதைத் தாண்டிவிட்டது.

5

இங்கே நம்மவர்களில் இரண்டு கட்சியினர் இரண்டு பக்கத்திலிருந்தும் குறுக்கிடுவார்கள் என்று தெரியும்.

ஒரு கட்சிக்கு இதெல்லாம் ஏமாற்று. கூடு ஒன்று, தோல் மட்டும் வேறு; தொழிலாளியை, நுகர்வோனை மயக்கி மறுபடி மறுபடி வாங்கவைக்கும் தந்திரம். வான்ஸ் பாக்கார்டு 1960லேயே 'த வேஸ்ட் மேக்கர்ஸ்' நூலில் திட்டமிட்ட பழசாக்கல் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். கடன் மேஜையில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. ஆனால் ஏமாற்று என்று சொல்லி முடித்துவிட்டால் 1977ஐயும் 1991ஐயும் எப்படிப் பிரிப்பது? இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே லாப நோக்கம், ஒரே பெயர். ஒன்றில் தோல் எலும்பைச் சொல்கிறது, மற்றதில் மறைக்கிறது. இந்த வித்தியாசத்தைக் காண முடியாத விமர்சனம், வாசகனின் பர்ஸைக் காப்பாற்றலாம். அவன் கண்ணைக் காப்பாற்றாது.

மற்றக் கட்சிக்கு உருவம் ஸ்வயம்பு. காரை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து பார், கோடு எப்படி ஓடுகிறது, பரப்பு எப்படித் திரும்புகிறது, அதுவே போதும் என்பார்கள். இவர்களுக்கு மூன்றாவது விளக்கைப் புரிந்துகொள்ள வழியில்லை. இம்பாலாவை மட்டும் தனியே நிறுத்திவைத்து எத்தனை முறை சுற்றி வந்தாலும் அந்த விளக்கின் அர்த்தம் கிடைக்காது. பக்கத்தில் பிஸ்கெய்ன் வேண்டும். அர்த்தம் இரண்டு கார்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது.

வரிசைப் பொருளுக்கு உருவம் என்பது உறவு. தனக்குக் கீழுள்ளதோடு, மேலுள்ளதோடு, தன் போன வருஷத்தோடு. இந்த மூன்று உறவும் உயிரோடு இருக்கும்வரை ஒரு விளக்குகூடப் பேசும். உறவு அறுந்துவிட்டால் எத்தனை அழகான பரப்பும் ஊமை. வாரப் பத்திரிகைக் குடும்பக் கதைகளைப் பற்றி நாம் பேசும்போதும் இதை மறந்துவிடுகிறோம். அவற்றைத் தனியே பிய்த்தெடுத்து, இலக்கியமா என்று கேட்டு, இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டுப் போகிறோம். அவை எந்த வரிசையில், எதற்கு மேலே, எதற்குக் கீழே நின்று பேசின என்று கேட்பதில்லை. நாம் எழுதுவதும் ஒரு வரிசையில்தான் நிற்கிறது என்பது அதனாலேயே நமக்குத் தெரிவதில்லை. வாரப் பத்திரிகை இல்லாவிட்டால் நம் கவிதையின் இறுக்கமும் சிக்கனமும் யாருக்கு எதிராகப் பேசும்?

6

கடைசிக் காலத்துக் கதை இரண்டு.

போர்டு 2005 மாடலாக 'ஃபைவ் ஹண்ட்ரட்' என்ற பெரிய செடானைக் கொண்டுவந்தது. வால்வோவிலிருந்து வந்த எலும்பு. உயரமான இருக்கை, தாராளமான இடம், பிரம்மாண்டமான பெட்டி. முகம் மட்டும் இல்லை. பார்த்தவர்கள் உடனே மறந்தார்கள். நடுவிடத்தை ஃப்யூஷன் எடுத்துக்கொண்டது. 2006 அக்டோபரில் பழைய டாரஸ் நின்றது. அதற்குச் சில வாரம் முன்பு போயிங்கிலிருந்து வந்து தலைமை ஏற்ற ஆலன் முலாலி, அவ்வளவு தெரிந்த பெயரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டு, 2008 மாடலில் ஃபைவ் ஹண்ட்ரட்டுக்கே டாரஸ் என்று பெயர் சூட்டினார். 2010ல் அதற்குப் புதுத் தோல் வந்தது. தோள் உயர்ந்து, ஜன்னல் சுருங்கி, மிடுக்கான முகம். உள்ளே இருந்த தாராளம் குறைந்தது. முன்பு இடம் இருந்தது, முகம் இல்லை. இப்போது முகம் வந்தது, இடம் போயிற்று. ஒரு காலத்தில் வரிசையின் இருதயமாக இருந்த பெயர் இப்போது ஃப்யூஷனுக்கு மேல், யாரும் அண்ணாந்து பார்க்காத ஒரு தட்டில் வைக்கப்பட்டது.

இதற்கிடையில் அந்த எலும்பு என்ன ஆயிற்று? 2011 எக்ஸ்ப்ளோரர் அதே எலும்பின் வம்சத்தில், டாரஸ் உருவான அதே சிகாகோ ஆலையில் உருவாயிற்று. குடும்பம் செடானிலிருந்து எழுந்து அடுத்த வண்டிக்கு, உயரமான வண்டிக்கு, மாறி உட்கார்ந்துகொண்டது. கீழே ஓடியது பழைய எலும்புதான். 2018 ஏப்ரலில் போர்டு வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. கைவிடப்பட்டது ஒரு மொழி. அதைப் பேசிய ஆட்களும் யந்திரமும் அப்படியே இருந்தார்கள்.

இரண்டாவது கதை எனக்கு இன்னும் உறுத்துவது. 2014 இம்பாலா. நீண்ட, அமைதியான, தன் அளவை மறைக்காத, அதே சமயம் அலட்டிக்கொள்ளாத உருவம். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 2013ல் அதைச் சோதித்து நூற்றுக்கு 95 கொடுத்துச் செடான்களில் முதலிடத்தில் வைத்தது. அந்தப் பட்டியலில் அமெரிக்கச் செடான் ஒன்று முதலிடத்துக்கு வந்து அப்போது இருபது வருஷமாவது ஆகியிருந்தது. எலும்பும் தோலும் இசைந்து, 1977க்குப் பிறகு செவர்லே செய்த நேர்மையான பெரிய செடான் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஏழு வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். அது உருவான டெட்ராய்ட்–ஹாம்டிராமிக் ஆலையை மின்சார வண்டிகளுக்கு மாற்றினார்கள்.

சிறந்த வஸ்துவை ஜனங்கள் ஏன் நிராகரித்தார்கள் என்று கேட்டு, ரசனை கெட்டுவிட்டது என்று பதில் சொல்வது நமக்குப் பழகிய பாதை. நான் அந்தப் பாதையில் போகத் தயாரில்லை. 2014 இம்பாலாவின் கோடுகளில் குறை இல்லை. அதற்குக் கீழேயும் மேலேயும் இருந்தவை பேச்சை நிறுத்தியிருந்தன. பெரிய செடான் சின்னச் செடானைவிட உயர்ந்தது என்று யாருக்கும் தோன்றாத காலத்தில், பெரிய செடானின் பெருமிதத்தைப் பிழையில்லாமல் உச்சரித்த கார் அது. சொல் திருத்தமாக இருந்தது. மொழி போய்விட்டிருந்தது.

தரம் வேறு, ஜீவன் வேறு. ஒன்று இருப்பதால் மற்றது இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு வடிவத்தின் மிக நேர்த்தியான படைப்புகள் அது சாகும் தறுவாயில் வரக்கூடும். அப்போது எழுத வேண்டிப் பழகியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், பிழைகள் எல்லாம் தெரிந்திருக்கும், தவறு செய்ய இடமிருக்காது. நம் பத்திரிகைகளில் இந்தச் சில வருஷங்களாக வரும் கவிதைகளைப் பார்க்கிறேன். வார்த்தை வீணில்லை, படிமம் இடறுவதில்லை, வரி உடையும் இடம் சரியாக உடைகிறது. மதிப்பெண் போடச் சொன்னால் நானும் தொண்ணூற்றைந்து போடுவேன். போட்டுவிட்டு, இந்த இறுக்கம் இப்போது எதன் பக்கத்தில் நின்று பேசுகிறது என்று ஒரு கேள்வியும் கேட்பேன். இதைக் கேட்காமல் எழுதப்படும் மதிப்புரைகள் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் வேலையைச் செய்கின்றன. அவர்கள் அந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள்.